சதக் கணக்கு மட்டும் தீர்ப்பாகாது

கூமாப்பட்டி டீக்கடையிலிருந்து ராஜபாளையம் பஸ் வரை ஒரே வாதம்: ‘சதம் அதிகம் அடித்தவரே பெரிய பேட்ஸ்மேன், பழைய ஆட்கள் இன்றைய கிரிக்கெட்டில் தாக்குப்பிடிக்க மாட்டார்கள்.’ எண்ணுவதற்கு எளிது என்பதால் இது எடுபடுகிறது. ஆனால் தவறு.

1. வாய்ப்பு ஒன்றல்ல. பிராட்மன் ஆடியது 52 டெஸ்ட், சச்சின் 200. அவருடைய 29 சதத்தையும் இவருடைய 51 சதத்தையும் அப்படியே பக்கத்தில் வைப்பது என்ன கணக்கு?

2. விதி ஒன்றல்ல. ஒருநாள் போட்டியில் முனைக்கொரு புதுப் பந்து என்பது நிலைத்தது 2011 அக்டோபரில். சச்சினின் 49 சதங்களில் 48 அதற்கு முன்பே வந்தவை. கோலியின் சதங்களில் பெரும்பகுதி அதற்குப் பின்.

3. பாதுகாப்பு ஒன்றல்ல. 1971இல் கவாஸ்கர் ஹெல்மெட் இல்லாமல் வெஸ்ட் இண்டீஸ் மண்ணில் 774 ரன் எடுத்தார். அவர் இன்று தாங்குவாரா என்பவர்கள், இன்றைய வீரர் அன்று தாங்குவாரா என்று ஏன் கேட்பதில்லை?

4. சதமே அளவல்ல. 1975, சேப்பாக்கம். வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் சாய்த்தார், இந்தியா 190. அதில் விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97. இந்தியா வென்றது. மூன்று ரன் குறைந்ததால் அது சிறிய ஆட்டமா?

அப்படியானால் எப்படி ஒப்பிடுவது? அவரவர் காலத்தவரோடு. பிராட்மன் சராசரி 99.94. ஐம்பது டெஸ்டுக்கு மேல் ஆடிய அவர் காலத்து சட்கிளிஃப் 60.73. அந்த இடைவெளிதான் பெருமை.

சதத்தை எண்ணும் முன் ஆடுகளம், பந்து, விதி, எதிரணி நான்கையும் கேளுங்கள். பிறகு வாதாடுங்கள்.