நிலக்கரி இஞ்சினும் நீலகிரிக் காடும்

மாரிக்குப்பம் ரயிலில் கண்ணில் விழுந்த கரித்தூளைத் தங்கவயல் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவே கனலோடு காய்ந்த காட்டில் விழுந்தால் கண்ணைக் கசக்குவதோடு தீராது.

நீலகிரி மலை ரயிலுக்குக் கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. இஞ்சின் மூச்சு முட்டி ஏறுவதும் பொறி பறப்பதும் காட்டுக்குள்தான். எண்ணெய் இஞ்சின்கள் வந்தபின் இந்தக் கவலை குறைந்தது. ஆனால் 2021இல் பொன்மலைப் பணிமனை புதிய நிலக்கரி இஞ்சினைச் செய்து தந்தது. 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்றே, பழைய கரும்புகை வேண்டுமென்பது ரசிகர் ஆசை!

2024 மார்ச்சில் குன்னூர் அருகே மூண்ட காட்டுத்தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டரே வர நேர்ந்தது. அதற்கு ரயில் காரணமல்ல; தோட்டக் குப்பைக்கு வைத்த நெருப்புக்கே அந்தப் பாடு. மழை மாதங்களில் கரி இஞ்சின் ஓடட்டும். பிப்ரவரி முதல் கோடைமழை வரை எண்ணெய் இஞ்சினையே ரயில்வே விடவேண்டும்.