நம்ம பேய்க்கு ஃப்ளாஷ்பேக் உண்டு, ஊர் கிடையாது

தமிழில் பேய்ப்படத்துக்குப் போகிறவர் பயப்படப் போவதில்லை. குடும்பத்தோடு பாப்கார்ன் வாங்கிக்கொண்டு சிரிக்கப் போகிறார். எடுப்பவர்களுக்கும் அதில் கூச்சமில்லை. 'ஹாரர் காமெடி' என்று அவர்களே சொல்லித்தான் விற்கிறார்கள். 2011இல் 'காஞ்சனா' வந்தது. 2014இல் 'அரண்மனை' வந்து 2024க்குள் நாலு பாகம் ஆகிவிட்டது. கதை நமக்கு மனப்பாடம். பெரிய பங்களா, அதில் வந்து சேரும் ஒரு கூட்டம். இடைவேளை வரை நகைச்சுவை நடிகர்கள் கட்டிலுக்கு அடியில் ஒளிவார்கள். அப்புறம் ஃப்ளாஷ்பேக். பேய் நல்லவள், அவளைக் கொன்றவன் கெட்டவன். கடைசியில் அவனை அந்தரத்தில் தூக்கி அடித்துக் கொல்வாள். ஒரு சாமி பாட்டு. சுபம்.

பயமே வரவில்லை என்பது என் புகாரில் பாதிதான். மீதிப் பாதி, இந்தப் படங்கள் நம்மைச் சுத்தமாகக் கைகழுவி வீட்டுக்கு அனுப்புகின்றன என்பது. கொலை நடந்தது, கொன்றவன் செத்தான், கணக்கு முடிந்தது, கிளம்பலாம். இது பேய்க்கதையே இல்லை. ஆறுதல் சொல்லி அனுப்பும் கதை.

'காஞ்சனா'வையே எடுத்துக்கொள்வோம். சரத்குமார் வரும் பகுதி உண்மையிலேயே கனமானது. ஒரு திருநங்கையின் நிலத்தைப் பறித்து அவரைக் கொல்கிறார்கள். ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்கு முன் படம் என்ன செய்கிறது? பேய் பிடித்த ஆண் சேலை கட்டி நடப்பதையும் வளையலுக்கு ஆசைப்படுவதையும் காட்டி நம்மைச் சிரிக்க வைக்கிறது. யாரைப் பார்த்துச் சிரித்தோமோ அவருக்காகவே அரை மணி நேரம் கழித்து அழச் சொல்கிறது. சிரித்ததற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. வில்லன் ஒருத்தன் இருக்கிறான் இல்லையா, எல்லாம் அவன் தலையில்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "தமிழ்ல ஹாரர் கிளாசிக்னு எதுவும் கிடையாது ப்ரோ. பழைய படமெல்லாம் இப்ப பார்த்தா காமெடியா இருக்கும்." எந்தப் பழைய படம்? கயிற்றில் ஆடும் எலும்புக்கூட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும், வரட்டும். இரவில் தனியாக உட்கார்ந்து 'மூடுபனி' பாருங்கள், அப்புறம் பேசலாம்.

1980இல் பாலு மகேந்திரா எடுத்த படம் அது. இளையராஜாவுக்கு 100வது படம். சந்துரு என்ற இளைஞன், பிரதாப் போத்தன். மெல்லிய பேச்சு, படித்தவன், பார்த்தால் பாவமாக இருக்கும். அவன் கொலைகாரன். தன் அம்மாவை நினைவூட்டும் ஒரு பெண்ணை, ஷோபாவை, ஊட்டிக்குக் கடத்திக்கொண்டு போய் வைத்திருக்கிறான். இன்றைக்கும் நாம் ரீல்ஸில் காதல் பாட்டாக ஓடவிடும் அந்தக் கிட்டார் பாட்டை, படத்தில் பாடுவது இந்தக் கொலைகாரன். எதிரில் இருப்பது அவன் கடத்தி வந்த பெண். நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பாட்டைக் கேட்டு உருகுகிறோம். அந்த அறையில் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? இந்தப் படம் இன்னும் தொந்தரவு செய்வதற்கு இந்த ஒன்று போதும்.

அதற்கு ரெண்டு வருஷம் முன்னால் 'சிகப்பு ரோஜாக்கள்'. 'பதினாறு வயதினிலே', 'கிழக்கே போகும் ரயில்' என்று ரெண்டு கிராமத்துப் படங்கள் கொடுத்த பாரதிராஜா அடுத்து எடுத்தது. பணக்காரன், அழகன், கமல்ஹாசன். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வருகிற ஸ்ரீதேவிக்கு, தோட்டத்து ரோஜாச் செடிகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. மகன் செய்யும் கொலைகளைப் படமாக்கி வைத்திருக்கிறார்கள். வளர்ப்பு அப்பா அதை உட்கார்ந்து பார்த்து ரசிக்கிறார். இந்தக் காட்சி வரும்போது நாமும் ஒரு திரை முன்னால் உட்கார்ந்து அதே கொலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கிழவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று படம் வாய்விட்டுக் கேட்பதில்லை. நமக்கே உறைக்கும்.

அதற்கும் முன்னால் வீணை எஸ். பாலசந்தர் இருக்கிறார். 1964இல் 'பொம்மை': குண்டு வைத்த ஒரு பொம்மை ஊருக்குள் கை மாறிக்கொண்டே போகிறது. 1970இல் 'நடு இரவில்': ஒரு பங்களாவில் கூடும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். சொத்து இருக்கிற வீட்டில் சொந்தக்காரர்கள் ஒன்றுகூடினாலே திக்கென்று இருக்கும் என்பது நம்மூரில் யாருக்குத் தெரியாது? அதைக் காட்ட அவருக்குப் பேய் தேவைப்படவில்லை.

இந்தப் படங்களைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. 'சிகப்பு ரோஜாக்க'ளில் ஒரு பெரிய கோளாறு இருக்கிறது. கொலைகாரன் ஏன் இப்படி ஆனான் என்று சொல்ல ஒரு ஃப்ளாஷ்பேக் வைத்து, சின்ன வயதில் பெண்கள் செய்த துரோகம் என்று பழியைத் திருப்பிவிடுகிறது. நம் பேய்ப்படங்களைப் பிடித்த ஃப்ளாஷ்பேக் வியாதி அங்கேயே தொடங்கிவிட்டது. விளக்கம் வந்ததும் பயம் எழுந்து போய்விடுகிறது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'விலும் (1960) கடைசியில் ஒரு மனநல மருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறார். ஆனால் படம் அவரோடு முடிவதில்லை. அவருக்கு அப்புறம், தனியறையில் உட்கார்ந்திருக்கும் நார்மன் நம்மைப் பார்த்துச் சிரிக்கிற முகம் வருகிறது. விளக்கத்தால் ஒன்றும் தீரவில்லை என்று அந்த முகம் சொல்கிறது.

அறிவியல் புனைவிலும் இதே கதைதான். 1963இல் வந்த 'கலை அரசி'யை மீம் போட்டுச் சிரிக்கிறோம், எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகத்துக்குப் போகிறார் என்று. அதன் கதையைக் கொஞ்சம் யோசியுங்கள். விஞ்ஞானத்தில் நம்மைவிட முன்னேறிய ஒரு கிரகம். அங்கே எல்லாம் இருக்கிறது, கலை மட்டும் இல்லை. அதனால் பூமிக்கு வந்து பாடத் தெரிந்த ஒரு பெண்ணை, பானுமதியை, தூக்கிக்கொண்டு போகிறார்கள். எடுத்த விதத்தில் சிரிப்பு வரலாம். ஒரு பெண்ணின் திறமையே அவளைக் கடத்தக் காரணமாகிறது என்பதில் சிரிக்க எதுவும் இல்லை. 1989இல் வேலு பிரபாகரனின் 'நாளைய மனிதன்' வந்தது. செத்தவனை எழுப்ப மருந்து கண்டுபிடிக்கும் டாக்டராக ஜெய்சங்கர், எழுந்து வந்து கொல்பவனாக அஜய் ரத்னம். மேக்கப் பழசாகிவிட்டது. தன்னால் முடியும் என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைச் செய்துபார்க்கும் படித்த மனிதனின் திமிர் பழசாகவில்லை.

இந்த வகையில் உலக சினிமாவில் என்னை அதிகம் உலுக்கியது 1956இல் வந்த 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்'. சின்ன ஊர். ஒரு பெண் வந்து, "இவர் என் மாமா மாதிரியே இருக்கிறார், ஆனால் என் மாமா இல்லை" என்கிறாள். அதே முகம், அதே குரல், அதே ஞாபகம். உள்ளே ஆள் வேறு. கொஞ்சம் கொஞ்சமாக ஊரே அப்படி ஆகிவிடுகிறது.

இதை அமெரிக்கக் கற்பனை என்று தள்ளிவிட மதுரைக்காரர்களால் முடியாது. 1997 ஜூன் 30 அன்று மேலூர் பக்கம் மேலவளவில், ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசனையும் இன்னும் 5 பேரையும், ஓடும் பஸ்ஸை மறித்துப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். தனித்தொகுதியில் ஒரு தலித் நின்று ஜெயித்தார் என்பதுதான் குற்றம். வெட்டியவர்கள் வேற்றுக் கிரகத்திலிருந்து வரவில்லை. அதே ஊர், அதே பஸ், அதே முகங்கள். தண்டிக்கப்பட்டவர்களில் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலையானார்கள். க்ளைமாக்ஸில் யாரும் வந்து யாரையும் அந்தரத்தில் தூக்கி அடிக்கவில்லை.

இப்போது நம் பேய்ப்படங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். பேய்க்குப் பேர் இருக்கும், காதலன் இருப்பான், பிடித்த பாட்டு இருக்கும். சாதி இருக்காது. எந்த ஊர், எந்தத் தெரு என்று இருக்காது. கொன்றவன் எப்போதும் தனி ஆள், சிவந்த கண்ணும் சிரிப்புமாக ஒரு வில்லன். தெருவே சேர்ந்து கொன்றது, வீடே சேர்ந்து மறைத்தது என்பதெல்லாம் அந்தப் பங்களாவுக்குள் நுழையவே முடியாது.

"பேய்ப்படத்துல போய் சாதியா? ரெண்டு மணி நேரம் சிரிச்சுட்டுப் போக விடுங்கப்பா" என்பார்கள். சரி, அப்படியானால் நம் ஆட்கள் காலம்காலமாகப் பேயை எப்படி வைத்திருந்தார்கள் என்று பார்ப்போம். திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி, பேரையூர், கள்ளிக்குடி என்று எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஊர் எல்லையில் ஒரு பீடம், நட்டுவைத்த அரிவாள், ஒரு சாமி. இந்தச் சாமிகளில் பலர் அநியாயமாகக் கொல்லப்பட்ட மனிதர்கள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரன் மீனாட்சியம்மன் கோயில் வாசலில் நிற்கிறான். கொன்ற தரப்பே பயந்து கும்பிட்ட கதைகளும் நம் கிராமங்களில் உண்டு. அங்கே யார் கொல்லப்பட்டார், எதற்காக, எந்த இடத்தில் என்று எல்லோருக்கும் தெரியும். கணக்கு முடிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. வருஷா வருஷம் பொங்கல் வைத்து, கிடா வெட்டி, மறக்கவில்லை என்று சொல்லியாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகளுக்கு இருந்த இந்தப் பயம் நம் திரைக்கதை ஆசிரியர்களுக்கு இல்லாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. மிஷ்கினின் 'பிசாசு' (2014) சூத்திரத்தைத் தலைகீழாக்கியது. செத்தவளைக் கொன்றவன் யார் என்று தேடிப் போகிறவன், அது தான்தான் என்று கண்டுபிடிக்கிறான். அவளோ அவனைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறாள். மன்னிப்பு இவ்வளவு பயமாக இருக்கும் என்று அதற்குமுன் எந்தத் தமிழ்ப்படமும் காட்டியதில்லை.

ஆனால் கடந்த இருபது வருஷத்தில் வந்த மிகப் பெரிய தமிழ் ஹாரர் பாத்திரம், பேய்ப்படம் என்று பெயரே வாங்காத ஒரு படத்தில் இருக்கிறது. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018). அதில் வரும் அந்தத் தாத்தா. அமைதியான கூலி வேலைக்காரர். சாதி மானத்துக்காகக் கொல்கிறார். ஒவ்வொன்றையும் விபத்து மாதிரி, தற்கொலை மாதிரி ஆக்கிவிட்டுப் போகிறார். காசுக்காகச் செய்வதில்லை, குலசாமிக்குச் செய்கிற காரியம் என்று நம்புகிறார். அவருக்கு ஃப்ளாஷ்பேக் கிடையாது. தேவையும் இல்லை, ஏனென்றால் அவரை நமக்கு ஏற்கெனவே தெரியும். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் வாங்கிப் படித்திருப்பார். 'மூடுபனி' சந்துருவுக்கும் 'சிகப்பு ரோஜாக்கள்' திலீப்புக்கும் உண்மையான வாரிசு அவர்தான்.

அதனால் அடுத்த தடவை தியேட்டரில் ஒரு பேய் தன் சோகக் கதையைச் சொல்லத் தொடங்கும்போது அழுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "நீ எந்த ஊரும்மா?" பதில் வராது. பதில் சொல்கிற பேயை யாராவது எடுக்கிற வரைக்கும் நான் 'மூடுபனி'யைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன், விளக்கைப் போட்டுக்கொண்டு.