இணைப்பு அறுந்தாலும் கணக்கு அறக்கூடாது

நீரிழிவு நோயாளர் பலர் இன்று சர்க்கரை அளவைக் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. குளுக்கோமீட்டர் அளந்ததைப் புளூடூத் வழியே கைப்பேசி பெற்றுக்கொள்கிறது. அங்கிருந்து இணையத்தின் மூலம் அது வீட்டுக் கணினியையும் சென்றடைகிறது. பெற்றோர் ஓரூரிலும் பிள்ளைகள் வேறூரிலும் வாழும் குடும்பங்களுக்கு இது பேருதவி. இவ்வசதியை நாங்கள் வரவேற்கிறோம். ஆயினும், இதை மட்டுமே நம்பியிருத்தல் தகாது என்பது எங்கள் கருத்து.

இணைப்பு அறுந்ததைத் திரை எப்போதும் அறிவிப்பதில்லை. கணினியில் காணும் கடைசி அளவு நான்கு நாள்களுக்கு முந்தையதாக இருக்கலாம். அதைக் கண்டு, எல்லாம் சீராக உள்ளதென்று வாளாவிருப்பது ஆபத்து. எனவே, எண்ணைப் பார்க்குமுன் அதற்குரிய தேதியைப் பாருங்கள்.

கோளாறு நேர்ந்தால், எவ்விடத்தில் என்பதை முதலில் அறியுங்கள். கைப்பேசியிலேயே புதிய அளவு வரவில்லையெனில், மீட்டரை அதன் அருகில் வைத்து, புளூடூத்தை அணைத்து மீண்டும் இயக்குங்கள். செயலிக்குரிய அனுமதிகளையும் சரிபாருங்கள். ஆண்ட்ராய்டு 12-க்கு முந்தைய பல கைப்பேசிகளில் இருப்பிட அனுமதியும் வேண்டும். பேட்டரி சேமிப்பு முறை செயலியை நிறுத்தி வைத்திருக்கவும் கூடும். கைப்பேசியில் அளவு இருந்து கணினியில் மட்டும் இல்லையெனில், இணையத் தொடர்பையும், இரண்டிலும் ஒரே கணக்கில் நுழைந்துள்ளீர்களா என்பதையும் பாருங்கள். மீட்டரின் கடிகாரம் பிழைபட்டிருந்தால், வெறும் வயிற்றில் எடுத்த அளவு உணவுக்குப் பிந்தையதாகப் பதிவாகிவிடும்.

செயலியை நீக்கி மீண்டும் நிறுவுவதைக் கடைசி வழியாகவே கொள்ளுங்கள். கணினியைச் சென்றடையாத அளவுகள் அத்துடன் அழிந்துபோகலாம்.

நடுக்கமோ வியர்வையோ மயக்க உணர்வோ தோன்றும் வேளையில் இணைப்பைச் சீர்செய்ய முற்படாதீர்கள். மீட்டரின் திரையையே பாருங்கள். அளவு 70 மி.கி.-க்குக் குறைவாக இருந்து, நோயாளர் நினைவோடும் இருந்தால், உடனே குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கரைத்த நீர் கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியே எதுவும் கொடுக்காமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

ஒரு சிறு குறிப்பேட்டில் தேதி, நேரம், அளவு ஆகிய மூன்றையும் எழுதி வாருங்கள். மருத்துவரைக் காண வரும்போது அதனுடன் மீட்டரையும் எடுத்து வாருங்கள். மருந்தின் அளவு அவ்வெண்களைக் கொண்டே முடிவாகிறது. அவை விடுபடாமல் இருத்தல் வேண்டும்.