கொல்லிமலைக்குப் போன கணக்கு

போன நவம்பரில் நாங்கள் ஐந்து பேர் கொல்லிமலைக்கு டெண்ட் அடிக்கப் போனோம். அன்றிலிருந்து வகுப்பில் இந்தக் கதைதான் ஓடுகிறது. சொல்லச் சொல்ல மழை கூடிக்கொண்டே போகிறது. கடைசியாகக் கேட்டபோது ஒரு கரடி கூட வந்துவிட்டது. (கரடி வரவில்லை மக்களே, நானும் அங்கேதான் இருந்தேன்.) எல்லாரும் சொல்லி முடிக்கும் வார்த்தை ஒன்றுதான்: "செம அட்வெஞ்சர் மச்சி!"

எனக்கு இந்த வார்த்தையோடு தகராறு. ஏன் என்று சொல்கிறேன், அப்புறம் திட்டுங்கள்.

கார் நண்பனின் சித்தப்பாவுடையது. ஓட்டியவனுக்கு லைசென்ஸ் வந்து எட்டு மாதம், மலையில் ஓட்டியதே இல்லை. காரவல்லி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவின் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொண்டே ஏறினோம். ஆகாய கங்கை அருவியில் தண்ணீர் அதிகம் என்று விடவில்லை. ஆயிரம் படிக்கு மேல் இறங்கி ஏறும் வேலை மிச்சம் என்று எனக்கு உள்ளூர சந்தோஷம்தான் :-)

இருட்டும் நேரத்தில் செம்மேட்டைத் தாண்டி ஒரு காலி இடத்தில் டெண்ட் போட்டோம். யாருடைய நிலம் என்று கேட்கவில்லை. வாடகைக்கு எடுத்த டெண்ட் பையை அங்கேதான் முதல்முதலாகப் பிரித்தோம். ஒன்றில் கம்பியே இல்லை, இன்னொன்றுக்கு முளைக்குச்சி பாதிதான். எட்டு மணிக்கு மழை பிடித்தது. "இப்படி ஆகும்னு யாருக்குடா தெரியும்?" என்றான் ஒருவன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரைக்கும் என்று ஸ்கூல் பையனுக்கே தெரியும். பி.காம். மூன்றாம் வருஷத்துக்குத் தெரியவில்லை.

டார்ச் அடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். நிலத்துக்காரர். சண்டை போடப் போகிறார் என்று நினைத்தோம். "மழையில எதுக்குத் தம்பி நிக்கறீங்க, வீட்டுக்கு வாங்க" என்றார்.

இரண்டு அறை வீடு. அவர் மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஓர் அறைக்குப் போய்விட்டார்கள். எங்களுக்கு மற்ற அறை. அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அங்கே அடுக்கியிருந்த சாமை மூட்டைகள் மேலே கிடந்த தார்ப்பாயை எடுத்து, எங்கள் கேமரா பைகளையும் சாமான்களையும் மூடினார். காலையில் நான் எழுந்தபோது அந்த அக்கா அடுப்பு ஓரமாக ஈரச் சாமையைப் பரப்பிக்கொண்டிருந்தார். இரண்டு மூட்டை நனைந்திருந்தது. என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. ஐநூறு ரூபாய் நீட்டினோம், வாங்கவில்லை. "அடுத்த தடவை வெயில் காலத்துல வாங்க தம்பி" என்றார்.

காரில் ஏறியதும் ஒருவன், "மலை ஜனங்க வெள்ளந்தி மச்சி" என்றான். எனக்கு எரிச்சல் வந்தது. அந்த அண்ணன் வெள்ளந்தி இல்லை. ஐந்து பேர் விடிய விடிய நனைந்தால் என்ன ஆகும் என்று எங்களைவிடத் தெளிவாகக் கணக்குப் போட்டவர் அவர். வெள்ளந்தி என்று சொல்லிவிட்டால் நாம் பட்ட கடன் மறைந்துபோகிறது, வசதி! அக்கவுண்டன்சியில் வாராக்கடன் என்று தள்ளுபடி செய்வது கடன் கொடுத்தவன். வாங்கியவனே எழுதித் தள்ளுவதை இங்கேதான் பார்க்கிறேன்.

இறங்கும்போது அடுத்தது. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நம் ஓட்டுநர் திலகம் நியூட்ரலில் விட்டான். (இன்றைய இஞ்செக்‌ஷன் வண்டிகளில் கியரில் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் போவதே நிற்கும். நியூட்ரலில்தான் செலவாகும்.) கியரின் பிடி இல்லாததால் முழு பாரமும் பிரேக்கில். இருபது வளைவு இறங்குவதற்குள் கருகிய வாடை, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. ஒரு வளைவிலேயே ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திவிட்டான். நல்லவேளை. ஆனால் கீழேயிருந்து பஸ் வந்துவிட்டது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, நாங்கள் குறுக்கே நிற்கிறோம்.

பிரேக் ஆற நாற்பது நிமிஷம். பஸ்ஸில் ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகும் ஒரு பாட்டி இருந்தார். உட்கார முடியாமல் இறங்கி ரோட்டோரக் கட்டையில் சாய்ந்துகொண்டார். டிரைவர் அண்ணன் எங்களைத் திட்டவில்லை. "செகண்ட் கியர்ல இறங்குங்கப்பா" என்று இரண்டு தடவை சொன்னார். அதுவும் நம் கதையில் "பிரேக் ஃபெயிலியர், உயிர் தப்பினோம்" ஆகிவிட்டது. பாட்டி கதையில் இல்லை.

நான் சொல்வது பெரிதாக்குவது போல இருக்கலாம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கேயும் மீட்க ஓடியவர்களில் அந்த ஊர் ஜனங்கள் இருந்தார்கள். நாம் யாரும் கேட்காமல் மேலே போகிறோம், இறக்கிக் கொண்டுவருவது அவர்கள் வேலையாகிறது.

"நாம போனாத்தானே அவங்களுக்கு வருமானம்" என்று ஒரு வாதம் வரும், தெரியும். பயணக் கணக்கு எழுதியவன் நான். பெட்ரோல் 2,200. டெண்ட் வாடகை 1,800. கீழேயே வாங்கிப்போன மளிகை, தண்ணீர், நொறுக்குத்தீனி 1,650. வழியில் சாப்பாடு 900. மலை மேலே செலவழித்தது 350, அது முடவாட்டுக்கால் சூப்பும் அன்னாசியும். ஆக மொத்தம் 6,900, தலைக்கு 1,380. வருமானம் எவ்வளவு கொடுத்தோம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்கில் இரண்டு மூட்டை சாமை, ஒரு தார்ப்பாய் என்று ஒரு வரி சேர்த்து குரூப்பில் போட்டேன். இரண்டு பேர் சிரிப்பு ஸ்மைலி போட்டார்கள். ஒருவன் மட்டும், "சரிடா, அனுப்பிடலாம். அவர் பேர் என்ன?" என்று கேட்டான்.

ஐந்து பேரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.