கணிப்பொறி திணறினால் முதலில் காரணம் காண்க

சென்ற திங்கள் இப்பகுதியில் கோடைக்கால மின்கட்டணத்தைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் ஒருவர், "மின்கட்டணம் இருக்கட்டும், என் மகனுடைய கணிப்பொறிக்கு முப்பதாயிரம் ரூபாய் தண்டம் கட்டச் சொல்லுகிறார்களே, அதற்கு என்ன வழி?" என்று கேட்டார். அவர் நாகபுரியில் அஜ்னி ரயில்வே குடியிருப்பில் வசிப்பவர். வயதிலும் பணியிலும் நமக்கு மூத்தவர்.

நடந்தது இதுதான். பதினாறு வயது மகன் விளையாடும் மேசைக் கணிப்பொறி டிசம்பரில் குறைவின்றி ஓடிற்று. ஏப்ரல் பிறந்ததும், விளையாட்டுத் தொடங்கிய கால் மணி நேரத்தில் படம் விட்டு விட்டு நகரலாயிற்று. கடைக்காரர் பெட்டியைத் திறந்து பாராமலே, "கிராபிக்ஸ் கார்டு பழையது, புதிது போடுங்கள்" என்று கூறிவிட்டார். தந்தையோ, "இரவு பகலாக ஆடி நீதான் கெடுத்தாய்" என்று மகனைக் கடிந்துகொண்டார். கையிலிருந்த தொகை மூத்த மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென ஒதுக்கியது. மறுநாள் மாலை பையன் நம் வீட்டு வாயிலில் நின்று, "மாமா, நான் ஒன்றும் கெடுக்கவில்லை. நீங்கள் வந்து ஒருமுறை பாருங்கள்" என்றான்.

நாம் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவரும் அல்லோம். கணிப்பொறி வல்லுநரும் அல்லோம். ஆயினும் நம் அலுவலகம் ஒன்றைக் கற்பித்திருக்கிறது. ஒரு வண்டி நாற்பது நிமிடம் தாமதமாக வந்தால் எடுத்த எடுப்பில் இன்ஜினை மாற்று என்று எவரும் கூறுவதில்லை. எந்தப் பிரிவில் எத்தனை நிமிடம் போயிற்று, சிக்னலா, வேகக் கட்டுப்பாடா, சங்கிலி இழுத்தார்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். கணிப்பொறிக்கும் இதுவே முறை.

முதற்கண், இரண்டு நோய்களைப் பிரித்தறிதல் வேண்டும். திரையில் நாம் காணும் அசைவு, ஒரு வினாடிக்குள் அடுத்தடுத்துத் தோன்றும் பல நிலைப்படங்களால் ஆனது. இவற்றைப் பிரேம் என்பர். வினாடிக்கு 60 பிரேம் வேண்டுமாயின் ஒவ்வொன்றையும் வினாடியின் ஆயிரத்தில் 17 பங்குக்குள் வரைந்து முடித்தாக வேண்டும். இவ்வேலை தவறினால் படம் திக்கும். படம் வழுவழுப்பாக ஓடியும், சுட்டால் சற்றுப் பொறுத்தே எதிரி விழுகின்றான் எனில் அது இணையத்தின் தாமதம். அதற்குக் கார்டு வாங்குவதால் பயனில்லை. வைஃபையை விட்டு ரூட்டரிலிருந்து நேரே கம்பி இழுத்துப் பார்த்தலே தக்கது.

அடுத்து, காலம் எங்கே போகிறதென்று காண வேண்டும். விண்டோஸ் கணிப்பொறியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பக்கத்தில் செயலி, ராம், டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு ஆகிய நான்கும் எவ்வளவு உழைக்கின்றன என்பது தெரியும். விளையாட்டு ஓடும்போதே இதைக் கவனித்தல் வேண்டும். கிராபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேல் உழைத்தால் வேலை அதனிடம் நிற்கிறது. அது ஓய்ந்திருக்கப் படம் திக்கினால் தடை வேறிடத்தில் உள்ளது. ராம் நிரம்பி வழிந்தாலும் திக்கும். விளையாட்டுப் பழைய ஹார்டு டிஸ்கில் இருந்தால் புதிய இடங்கள் திறக்கும்போதெல்லாம் நிற்கும்.

பையனை வழக்கம்போல் ஆடச் சொல்லி, வெப்பத்தைக் காட்டும் ஓர் இலவச மென்பொருளையும் நிறுவி, நாம் தாளும் பென்சிலுமாய் அருகில் அமர்ந்தோம். தொடக்கத்தில் 75 பிரேம். பதினைந்தாம் நிமிடத்தில் செயலியின் வெப்பம் 99 டிகிரியைத் தொட்டது, 4.2 கிகாஹெர்ட்ஸில் ஓடிய அதன் வேகம் 2.6 ஆகத் தாழ்ந்தது; பிரேம் 31 ஆயிற்று. அப்போது கிராபிக்ஸ் கார்டோ 45 சதவீதம் மட்டுமே உழைத்துக்கொண்டிருந்தது. மாற்றச் சொன்ன உறுப்பு வேலையின்றிக் காத்திருந்தது! தாளைத் தந்தையிடம் நீட்டினோம். அவர் இருமுறை படித்தார், ஒன்றும் பேசவில்லை.

மேசைக் கணிப்பொறிச் செயலிகள் பெரும்பாலும் 95 அல்லது 100 டிகிரியை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைக்கும். பாதை பழுதான இடத்தில் வண்டியை மெல்ல ஓட்டுவது போன்றதே இது, கெட்டுப்போனதற்கு அடையாளமன்று. வெப்பம் ஏறியதற்குக் காரணமும் கண்முன்னே இருந்தது. பெட்டியை மேசையின் மர அறைக்குள் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருந்தார்கள். அது வெளியே விட்ட சூட்டையே மீண்டும் உள்ளிழுத்துக்கொண்டிருந்தது. பக்கப் பலகையைத் திறந்தால், செயலியின் மேலுள்ள விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையே தூசி கம்பளம் போல் படிந்திருந்தது.

மின் இணைப்பை அகற்றி, வாசலில் வைத்து, தூரிகையாலும் புளோயராலும் தூசியைப் போக்கினோம். காற்றடிக்கும்போது விசிறி சுழலாவண்ணம் விரலால் பிடித்துக்கொள்ளுதல் வேண்டும். தாறுமாறாகச் சுழன்றால் அது பழுதாகக் கூடும். செயலிக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தமையால், பழக்கமுள்ள மெக்கானிக்கைக் கொண்டு புதிதாகப் பூசச் செய்தோம். பெட்டியை மர அறையிலிருந்து வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து சற்று உயர்த்தி வைத்தோம். ஒரு மணி நேரம் ஆடிய பின்னும் வெப்பம் 84, பிரேம் 72. மொத்தச் செலவு முந்நூறு ரூபாய். ஒன்று நினைவிற்கொள்க: நம் ஊரில் வீடுதோறும் உள்ள கூலரின் காற்று கணிப்பொறியின் மீது நேரே படலாகாது, ஈரமும் தூசியும் சேர்ந்து உள்ளே அப்பிக்கொள்ளும்.

எல்லார் வீட்டிலும் காரணம் இதுவே என்று சொல்லவில்லை. பணம் செலவின்றிச் சோதிக்கத்தக்கவை வேறு சிலவும் உண்டு. மானிட்டரின் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டுள்ளதா என்று பின்புறம் பார்க்க. தவறுதலாக மதர்போர்டில் செருகியிருப்பின், விலை கொடுத்த கார்டு சும்மா இருக்கும். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் ஆயினும் விண்டோஸில் 60 என்றே அமைந்திருப்பதுண்டு. டிஸ்ப்ளே அமைப்பில் மாற்றலாம். 16 ஜிபி ராமை ஒரே துண்டாகப் போடுவதினும் 8 ஜிபி துண்டுகள் இரண்டாக உரிய இடங்களில் போடுதல் வேகம் தரும். கிராபிக்ஸ் கார்டு தனியாக இல்லாத கணிப்பொறியில் இவ்வேறுபாடு நன்கு தெரியும். பின்னணியில் ஓடும் வேண்டாத மென்பொருள்களை மூடுக; கிராபிக்ஸ் டிரைவரை அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே புதுப்பிக்க. ஒவ்வொன்றாய் மாற்றி, மாற்றுமுன்னும் பின்னும் எண்ணைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஐந்தையும் ஒருசேர மாற்றினால் எது குணமாக்கிற்று என்பது விளங்காது.

இவ்வளவும் செய்து, வெப்பமும் அளவோடிருந்து, கார்டு முழுமூச்சாய் உழைத்தும் படம் திக்கினால், விளையாட்டின் அமைப்பில் நிழல், படத் துல்லியம் ஆகியவற்றைக் குறைத்துப் பார்க்க. அதுவும் போதாதாயின் புதிய கார்டு வாங்குவது நியாயமே. அப்போதும் பெட்டியிலுள்ள பவர் சப்ளை அதைத் தாங்குமா என்று கேட்டறிந்தே பணம் கொடுக்க வேண்டும்.

நிற்க. அன்று வேலை முடிந்து, தந்தையும் நாமும் காப்பி அருந்திக்கொண்டிருந்தோம். உள்ளறையில் பையன் காதுக்கருவி அணிந்து, திருநெல்வேலியிலுள்ள அத்தை மக்களோடு சேர்ந்து ஆடத் தொடங்கினான். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், தெருவில் மராத்தியும் பேசி வளர்ந்த பிள்ளை, "ஏலே, இடப்பக்கம் வாலே!" என்று கூவுவது கேட்டது. தந்தை கோப்பையைக் கீழே வைத்தார். "இவன் இப்படித் தமிழ் பேசுவதை நான் கேட்டதே இல்லை" என்றார். பிறகு எழுந்து சென்று, மகன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். "நீதான் கெடுத்தாய்" என்று சொன்னதை அவர் வாயால் திரும்பப் பெற்றாரோ இல்லையோ, நாம் அறியோம். அந்த வாரமே மகளின் கட்டணத்தைக் கட்டிவிட்டார் என்பதை மட்டும் அறிவோம்.

மீண்டும் அடுத்த திங்கள் சந்திப்போம்.