நான் புடிச்ச முயலுக்கு மூணு அடுக்கு

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். முயல் கறி சாப்பிடலாமா கூடாதாங்கற பஞ்சாயத்து இல்ல இது. நான் சாப்பிடறவன்தான். வளர்க்கிற வீட்டைப் பத்திதான் புலம்பல்.

எங்க பெருங்களத்தூர்ல பக்கத்துத் தெரு நண்பர் ஒருத்தர் மொட்டை மாடியில முயல் வளர்த்தார். மூணு அடுக்கு கம்பிக் கூண்டு, மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அக்னி நட்சத்திரத்துல ஊர்ல ஒரு கல்யாணம். "ரெண்டே நாள் சார், தண்ணியும் தீவனமும் மட்டும் பாத்துக்கோங்க"ன்னு சாவியைக் குடுத்துட்டுப் போயிட்டார். ரெண்டாம் நாள் மதியம் ரெண்டு மணிக்குப் போறேன், மேல் அடுக்குல ஒரு தாய் முயல் காலை நீட்டிக்கிட்டு செத்துக் கிடக்கு. பக்கத்துல பிளைவுட் பெட்டிக்குள்ள, அது தன் ரோமத்தைப் பிச்சுப் போட்டு செஞ்ச மெத்தையில எட்டுக் குட்டி. ஒண்ணும் மிஞ்சல. குழாயைத் தொட்டுப் பாத்தேன். மாடி சிண்டெக்ஸ் டாங்க்குல இருந்து கருப்பு பைப்ல வர்ற தண்ணி காபி போடற சூட்டுல இருந்துச்சு. காலையில குளிர்ந்த தண்ணி ஊத்தி ஒரு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டிருக்கலாம். எனக்குத் தோணல. அந்தக் குற்ற உணர்ச்சிலதான் இதைப் பத்தித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

முயலுக்கு வியர்வை கிட்டத்தட்ட கிடையாது. சூட்டை வெளியேத்த அதுக்கு இருக்கறது காதும் மூச்சும்தான். அதுக்கு சுகமான வெப்பம் 15-ல இருந்து 20 டிகிரி. 30 தாண்டினா தீவனம் குறையும். 35 தாண்டினா உயிருக்கே ஆபத்து. கிடாய்க்கு விந்து கெட்டுப் போய் தேற மாசக்கணக்குல ஆகும். நம்மூர்ல மே மாசம் வெளியிலேயே 40-ஐத் தொடுது. ஷீட்டுக்கு ஒரு அடி கீழ எவ்வளவு இருக்கும்னு யோசிச்சுக்குங்க.

இப்ப அந்த மூணு அடுக்கைப் பாருங்க. மேல் அடுக்கு வேகுது. கீழ் அடுக்குக்கு மேல இருக்கறதோட மூத்திரமும் புழுக்கையும். அந்த அம்மோனியா நெடியிலேயே இருந்தா மூக்கொழுகல், சளி. சுமாரா இருக்கறது நடு அடுக்கு மட்டும்தான். கூண்டு விக்கிறவங்க 'இடம் மிச்சம்'னு சொல்றாங்களே, மிச்சமாகறது இதுதான்.

"அப்போ தரையில அவுத்து விட்டுடலாமே"ன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். அங்க வேற வில்லங்கம். தரையில புழுக்கையோட புரண்டா ரத்தக் கழிச்சல் கிருமி வயித்துக்குள்ள போகும். அதுல ஒரு வகை ஈரலைத் தாக்கும். அறுத்துப் பாத்தா ஈரல் முழுக்க வெள்ளைப் புள்ளி, குப்பைக்குத்தான் போகணும். கம்பித் தரை வந்ததுக்கே முக்கியக் காரணம் புழுக்கை கீழ விழணும்ங்கறதுதான். ஆனா வெறும் கம்பியில நின்னுக்கிட்டே இருந்தா குதிகால்ல புண்ணு. 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணி ஏறினதைப் பாத்தவங்க, தரையோட தரையா எதையும் அடைச்சு வைக்கவும் மாட்டாங்க.

கறிக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. அறுத்த பிறகு தசையில இருக்கற சர்க்கரைச் சத்து அமிலமா மாறணும். அப்பத்தான் கறி பதமாகும், சீக்கிரம் கெடாது. வெயில்லயும் பயத்துலயும் தவிச்ச முயல், சாக்குல கட்டி பைக்ல போறதுக்குள்ளயே அந்தச் சத்தை எரிச்சுத் தீர்த்துடும். கறி கருத்து, வறண்டு போகும், சீக்கிரம் நாறும். இன்னொண்ணு, ஓட இடம் கிடைச்ச முயலுக்குத் தொடைத் தசை நல்லா வளரும், கொழுப்பு குறையும்னு ஐரோப்பிய ஆய்வுகள் பலதுல வந்திருக்கு. அதே ஆய்வுகள்ல எடை கொஞ்சம் மெதுவா ஏறும்னும் இருக்கு. அதை மறைக்கறது நியாயமில்ல.

பெல்ஜியத்துல 2014-லயே சட்டம் போட்டு, பழைய கூண்டுகளைப் படிப்படியா ஒழிச்சு, கூட்டமா வளர்க்கிற பெரிய தொட்டிகளுக்கு மாறச் சொன்னாங்க. நிமிர்ந்து உக்கார உயரம், ஏறி உக்கார மேடை, ஒளிய இடம், கடிக்கக் கட்டை. அதை அப்படியே தூக்கிட்டு வர வேண்டாம், அவங்க ஊர் குளிர் வேற. நாம செய்யற தப்பும் அதே மாதிரிதான். கொடைக்கானல் மன்னவனூர்ல மத்திய செம்மறி ஆராய்ச்சி நிலையத்து முயலுங்க குளிர்ல ஜம்முனு இருக்கறதைப் பாத்துட்டு வந்து, மாடம்பாக்கத்து மாடியில அதே மாதிரி அடைச்சா எப்படி?

என் கருத்து இதுதான். அடுக்கு வேண்டாம், ஒரே வரிசை போதும். தரையில இருந்து மூணடி உயரத்துல கம்பித் தரை. ஒரு மூலையில படுக்க மரப்பலகை, வாரம் ஒருதரம் கழுவி வெயில்ல காய வைக்கணும். கூண்டு உயரம் ரெண்டடிக்குக் குறையக் கூடாது. அந்த நண்பரோட கூண்டை டேப் வெச்சு அளந்தேன், ஒன்றரை அடி. காதை நிமிர்த்தி உக்காரக்கூட முடியாது. கூரைக்கு தென்னங்கீத்து. ஷீட்தான் இருக்குன்னா அதுக்கு மேல கீத்தைப் போடுங்க. வேப்ப மர நிழல் இருந்தா மாடியை மறந்துடுங்க. தண்ணி பைப்பை நிழல்ல கொண்டு வாங்க. முயலுக்கு சினைக்காலம் 31 நாள். மார்ச் கடைசியில இணை சேத்தா குட்டி அக்னி வெயில்ல கண்ணு திறக்கும். அந்த ஒரு ஈத்தை விட்டுடுங்க. பால் மறந்த குட்டிகளைக் கூட்டமா விடலாம். மூணு மாசம் ஆனா ஆணுங்க கடிச்சுக்கும், அதுக்குள்ள பிரிச்சுடணும்.

இப்படிப் பண்ணினா முப்பது முயல் இடத்துல பத்துதான் நிக்கும். லாபம் குறையும்தான். ஆனா செத்த முயலையும் தூக்கிப் போட்ட ஈரலையும் யாருமே கணக்குல எழுதறதில்லையே?

ஆரம்பிக்கணும்னு நெனக்கறவங்க, "கூண்டு, குட்டி நாங்க தர்றோம், திரும்ப நாங்களே வாங்கிக்கறோம்"ங்கற பேச்சுக்கு மயங்காதீங்க. 2012-ல ஈமு கதை எப்படி முடிஞ்சதுன்னு பெருந்துறை பக்கம் கேட்டுப் பாருங்க. அதுக்குப் பதிலா ஜி.எஸ்.டி ரோட்டுல பொத்தேரி தாண்டி காட்டுப்பாக்கத்துல கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இருக்கு, ஒரு எட்டு போய்க் கேளுங்க. (பூந்தமல்லி காட்டுப்பாக்கம் இல்லீங்கோ!)

நண்பர் ஊர்ல இருந்து வந்ததும் சொன்னேன். "வெயில்னா நாலு போகத்தான் சார் செய்யும்"னார். தான் புடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கறவங்ககிட்ட என்ன பேச? என்னமோ, அந்த எட்டுக் குட்டியும் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

டிஸ்கி: இதெல்லாம் பண்ணை முயலுக்கு மட்டும். காட்டு முயலைப் புடிச்சா 1972 வனவிலங்குச் சட்டத்துல உள்ள போகணும். அதுக்கு நான் ஜாமீன் எடுக்க மாட்டேன். முயல் வளர்த்த அனுபவம் உள்ளவங்க பின்னூட்டத்துல திட்டலாம், திருத்தலாம்.