பாட்டிலில் மிதந்து வந்த கடிதம்... கடலாமைகளுக்காக வாழ்ந்த ஐஐடி மாணவர்!

வெள்ளானூர் வீட்டு மொட்டை மாடியில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. ஏரி தெரியும், ஆவடி பக்கம் போகும் பேருந்து தெரியும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ், ரயில் மாறி மெரினாவுக்குத்தான் போகவேண்டும். 'இங்கே இருந்துகொண்டு கடல் உயிரினங்களைப் பற்றிப் படிக்க முடியுமா?' என்று ப்ளஸ் டூ பிள்ளை கேட்டால், பல வீடுகளில் சிரித்துவிடுவார்கள். சிரிப்பதற்கு முன்னால் ஒரு மாணவரின் கதையைக் கேட்டுவிடலாம்.

அவர் பெயர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐஐடியில் பொறியியல் படிக்க வந்தவர். வகுப்பறையைவிட கடல்தான் அவரை அதிகம் இழுத்தது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய சென்னை பாம்புப் பண்ணையில் சேர்ந்தார். 1970-களில் இந்தியாவில் எந்தக் கடற்கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்ற கணக்கே சரியாக இல்லை. அந்தக் கணக்கை எடுக்க அவர் கிளம்பினார். லட்சத்தீவு, அந்தமான், நிக்கோபார், குஜராத் என்று சுமார் 4,000 கி.மீ. கடற்கரையை நடந்தே அளந்தார்.

தனித் தீவில் ஒரு மழைக்காலம்

1982-ல் லட்சத்தீவின் ஆளில்லாத் தீவு ஒன்றுக்குப் போனார். ஆமைகள் முட்டையிடுவது மழைக்காலத்தில். அந்தச் சமயத்தில் படகு போக்குவரத்து கிடையாது. பல மாதங்கள் தன்னந்தனியாகத் தங்கினார். மனைவிக்குக் கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்தது. அவர் அதைத் தபாலில் அனுப்பிவைக்க, கடிதம் வீடு போய்ச் சேர்ந்தது!

2023 மார்ச்சில் சதீஷ் பாஸ்கர் மறைந்தார். அவர் எடுத்துவைத்த குறிப்புகள்தான் இன்றைக்கும் நம் நாட்டின் கடலாமை ஆய்வுக்கு அடித்தளம்.

1988: கல்லூரி மாணவர்கள் கையில்

அடுத்த தலைமுறையும் மாணவர்கள்தான். 1988-ல் சென்னைக் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து 'மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பை' ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவரான கார்த்திக் ஷங்கர், இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர். மீனவ சமூகங்களோடு சேர்ந்து இயங்கும் 'தக்ஷின்' அமைப்பை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். இரவில் கடற்கரையில் நடந்ததுதான் அவருடைய ஆராய்ச்சிக்குப் பிள்ளையார் சுழி.

அந்த நடை இன்றும் நிற்கவில்லை. சீசன் வந்தால் தன்னார்வலர்கள் நள்ளிரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் தடம் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். பங்குனி ஆமை ஒரு குழியில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் இடும். நாய், மனிதர் கண்ணில் படுவதற்கு முன் அவற்றை எடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். சுமார் 45 முதல் 50 நாளில் குஞ்சுகள் மேலே வரும். வெளிச்சம் இருக்கும் பக்கம் ஓடுவது குஞ்சுகளின் இயல்பு. கரையோரத் தெருவிளக்கு எரிந்தால் கடலை விட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் போய்ச் செத்துப்போகும். அதனால்தான் பொரிப்பகமும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள ஆட்களும் தேவைப்படுகிறார்கள்.

குஞ்சுகளை விட்டால் மட்டும் போதுமா?

போதாது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சு விட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். இழுவை வலையில் மாட்டினால் மேலே வர முடியாமல் மூச்சுத் திணறிச் செத்துவிடும். ஆமை வெளியேற வழிவிடும் கம்பித் தடுப்பை வலையில் பொருத்தலாம். ஆனால், அந்த வழியே மீனும் போய்விடும் என்பது மீனவர்களின் கவலை. டீசல் போட்டுக் கடலுக்குப் போகிறவருக்கு அது நியாயமான கவலைதான்.

ஆமைக்கும் மீனவர் வீட்டு அடுப்புக்கும் சேர்த்து யோசிக்கிறவர்தான் இன்றைக்குத் தேவைப்படும் விஞ்ஞானி. சுப்ரஜா தாரிணி 2002-ல் தொடங்கிய 'ட்ரீ ஃபவுண்டேஷன்', மீனவ இளைஞர்களையே ஆமைப் பாதுகாவலர்களாக ஆக்கியதும் அதனால்தான்.

எங்கே படிக்கலாம்?

* வெள்ளானூர் பிள்ளைகளுக்கு அதிக தூரமில்லாத பொன்னேரியிலேயே அரசு மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்கே நான்கு வருட மீன்வள அறிவியல் பட்டம் படிக்கலாம்.

* விலங்கியல் போன்ற பட்டம் முடித்தவர்களுக்கு, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது.

* முதலில் பிள்ளைக்கு ஆர்வம் நிஜமா என்று பார்க்க, ஒரு சனிக்கிழமை இரவு ஆமை நடைக்கு அனுப்பிப் பாருங்கள். நீங்களும் கூடவே போகலாம்.

கடல் தூரம் என்று நினைக்கிறோம். பூந்தமல்லி, திருவேற்காடு பக்கம் ஓடுகிற கூவத்தில் நாம் வீசும் பிளாஸ்டிக் பை, நேப்பியர் பாலத்தைத் தாண்டிக் கடலுக்குத்தான் போகிறது. நம் வீட்டுக் குப்பைக்கே கடலுக்கு வழி தெரிகிறது. நம் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாமல் போகுமா என்ன?